காணைத் தாண்டாத நாய்

கம்பால் நிலத்தில் ஒரு தட்டு. நாய் எழுந்தது. இரண்டு தட்டு. நாய் உட்கார்ந்தது.

இடம், அலவத்துகொடையில் காசிம் முதலாளி வீட்டுப் பின்முற்றம். காலை வெயில். சீமெந்துத் தளத்தில் மிளகு காயப் போட்டிருந்தார்கள். அதன் காரம் மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. தளத்தின் ஓரமாக மழைத் தண்ணீர் ஓடுவதற்கு ஒரு சின்னக் காண் வெட்டியிருந்தது. கோழி கூடச் சிரமமில்லாமல் தாண்டிவிடும். காணுக்கு இந்தப் பக்கம் முதலாளி கதிரையில் இருந்தார். அந்தப் பக்கம் நாய். நாய்க்குப் பின்னால் ஆட்டுப் பட்டி.

"பாத்தீங்களா தம்பி? இத நான் ஒரு நாளும் தொட்டதில்ல. ஊட்டுல ஒருத்தரும் தொட்டதில்ல. இந்தக் காண இது தாண்டினதும் இல்ல" என்றார் முதலாளி.

"நீங்க தொட வேண்டியதில்ல மொதலாளி. அதோட ரத்தம் அப்படி. நான் குடுத்த நாயில்லையா" என்றேன்.

அவர் சிரித்தார். மிளகு வாங்க வந்திருந்த இரண்டு பேரும் நாயைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கப்படுவது எனக்குப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும்.

அந்த முற்றத்துக்கு நான் அடுத்த முறை போனது, அந்த நாயைச் சுட்டுவிடப் போகிறார்கள் என்று ஆள் வந்து சொன்ன பிறகு.

நாய்க்காரன்

போன கிழமை இந்தப் பத்திரிகையில் என் லொறிக் கதை வந்ததைப் படித்துவிட்டு, "லொறிக்கு முன்னால் என்ன செய்தீர்?" என்று ஒருவர் கேட்டாராம். நாய் வளர்த்தேன். கண்டிப் பக்கம் நாயில் தொடங்கி லொறியில் வந்து நின்றவன் என்னைத் தவிர இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள்.

வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். மண்வெட்டி பிடிக்கிற வயது வந்தபோது, துரை பங்களாவில் நாய்க்காரன் வேலை காலியாக இருந்தது. பங்களாவில் மற்ற எல்லோரும் துரைக்கு வேலை செய்தார்கள். நான் நாய்களுக்கு வேலை செய்தேன். யோசித்துப் பார்த்தால் என் எசமான்களே நல்ல எசமான்கள்.

குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, எலும்புச் சூப் காய்ச்சுவது, மாலையில் தேயிலை மலையைச் சுற்றி ஓட விடுவது. ஈர நாயின் வாசனை என் சட்டையை விட்டுப் போகவே இல்லை. கல்யாணம் ஆன புதிதில் என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சோறு போட்டாள்.

துரை எப்போதும் ஒன்றையே சொல்வார். தாய் நன்றாக இருக்க வேண்டும், தகப்பன் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான், மற்றதை இரத்தம் பார்த்துக்கொள்ளும். அவரிடம் டயனா என்று ஓர் அல்சேஷன் பெட்டை இருந்தது. பெரிய யுத்தம் முடிந்த பிறகு அந்தச் சாதி நாய்கள் மலைநாட்டுப் பங்களாக்களில் ஒவ்வொன்றாக வந்து இறங்கிய காலம். டயனா ஓடும்போது தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்திக்கொள்வாள். பக்கத்திலிருந்து பார்த்தால் தரையை மோந்துகொண்டே ஓர் அம்பு போவது மாதிரி இருக்கும். ஆனால் இடிக்குப் பயப்படுவாள். வானம் உறுமினால் அலுமாரிக்கு அடியில்தான் இருப்பாள்.

அவளுடைய குட்டி ஒன்றைப் பால் மறந்ததும் குண்டசாலையில் ஒருவருக்குக் கொடுத்தோம். அது பிறந்ததிலிருந்து மழையே இல்லை, இடியின் சத்தத்தை அது கேட்டதே இல்லை. முதல் இடிக்கு அந்த வீட்டில் அலுமாரியைத் தேடிப் போய் அடியில் புகுந்துகொண்டதாம். சொல்லிக் கொடுக்க அங்கே தாயும் இல்லை. அன்றைக்குத் துரையின் பேச்சை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன்.

கம்பளிக்குள் துரை

துரையின் பேச்சுக்கு எதிராகவும் ஒரு சம்பவம் அதே பங்களாவில் நடந்தது. நான்தான் அப்போது அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பங்களா நாய்கள் கால்சட்டை போட்டவரைக் கண்டால் வாலாட்டும். வேட்டி, சாரம், கம்பளி என்றால் குரைக்கும். இதை யாரும் பழக்கவில்லை. கால்சட்டைக்காரர் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், கம்பளிக்காரன் வரும்போது சமையல்கார அப்பு விரட்டுகிறார். நாய்கள் பார்த்துக்கொண்டே இருந்தன. பார்த்ததை வைத்துக்கொண்டன.

ஒரு மழைக்காலம் துரைக்குக் காய்ச்சல். குளிர் தாங்காமல் என் கம்பளியை வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு, வெராந்தாவில் தடுமாறி நடந்தார். அவர் தூக்கி வளர்த்த டெரியர் பாய்ந்து அவருடைய கெண்டைக் காலைக் கவ்விவிட்டது.

"இது உன் கம்பளி செய்த வேலை" என்றார் துரை என்னிடம்.

"கம்பளி சும்மாதாங்க இருந்திச்சு" என்றேன்.

ஒரு வயிறு, இரண்டு வீடு

துரை ஊருக்கே திரும்பிப் போகும்போது டயனாவின் கடைசி ஈற்றில் இரண்டு கடுவன் குட்டிகளை எனக்குக் கொடுத்தார். குட்டி பார்க்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். அவற்றின் முதுகுக்குப் பின்னால் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கீழே போடுவேன். ஓடிப்போகிற குட்டி வேண்டாம். ஓடிவிட்டுத் திரும்பி வந்து தகரத்தை மோக்கிற குட்டி வேண்டும். இந்த இரண்டுமே திரும்பி வந்தன. ஒன்றின் மூக்கில் மற்றது மூக்கை வைத்துக்கொண்டு ஒரே தகரத்தை மோந்தன.

ஒரு குட்டியைக் கண்டியில் அப்போதிக்கரியாக இருந்த யாழ்ப்பாணத்துச் சிற்றம்பலம் ஐயாவுக்குக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பதும் காயத்துக்குத் தையல் போடுவதும் அவர் வேலை. குட்டிக்குச் சீசர் என்று பெயர் வைத்தார். சீசர் பிரம்புக் கதிரையில் தூங்கினான். பிள்ளைகள் அவன் வாயில் சோற்றுருண்டை ஊட்டினார்கள். அவன் காதைப் பிடித்துக்கொண்டு சின்னது நடை பழகியது.

மற்றக் குட்டியைக் காசிம் முதலாளி கேட்டார். மிளகு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் சேர்த்து வைக்கும் அவருடைய களஞ்சியத்தில் திருட்டு. பள்ளிவாசல் லெப்பையிடம் போய்க் கேட்டாராம். காவலுக்கு நாய் வைக்கலாம், வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது, ஈரத்தில் தொட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால் என்று லெப்பை சொல்லியிருக்கிறார். காய்ந்த கையால் தொடுவதில் பெரிய குற்றமில்லை என்றுதான் சட்டமாம். ஆனால் குட்டியின் மூக்கு எப்போதும் ஈரம். ஆகையால் வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

எங்கே வைப்பது? ஆட்டுப் பட்டிதான் இருந்தது. முதலாளியின் மனைவி சவுதா உம்மா சிரட்டையில் ஆட்டுப்பால் ஊற்றி, கம்பால் தள்ளிக் காணுக்கு அந்தப் பக்கம் விடுவார். ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், டயனாவின் மகன் ஒரு கிழட்டு மறியாட்டின் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்கிறான். ஆடு அசை போட்டுக்கொண்டிருக்கிறது.

"என்னங்க இது, அல்சேஷனை ஆட்டுக்குட்டியாக்கிட்டீங்களே" என்றேன்.

"பட்டி தான் ஈக்கி தம்பி. அதுக்குக் கட்டிலா போட?" என்றார் சவுதா உம்மா.

பெயரும் வைக்கவில்லை. முதலாளியின் கைக்கம்புதான் அதற்குப் பெயர், கட்டளை, தடவிக் கொடுத்தல் எல்லாம். ஆனாலும் நாய் வளர்ந்தது. இரவில், பட்டிக்குப் பக்கத்திலிருந்த களஞ்சியத்தை ஒரு நிழல் நெருங்க முடியாது. திருட்டு நின்றது.

நான் தோட்டத்தை விட்டேன். வத்தேகமைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்து, டயனாவின் முந்தின ஈற்றுப் பெட்டைகள் போட்ட குட்டிகளை வைத்து நாய்க்குட்டி வியாபாரம் என்று உட்கார்ந்தேன். லயத்து அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், திரும்பிப் போக இடமில்லை. கேட்டு வந்தவர்களிடம் நான் அதிகம் பேசியதில்லை. "அலவத்துகொடைக்குப் போயி காசிம் மொதலாளி முத்தத்தைப் பாத்துட்டு வாங்க" என்பேன். போனவர் திரும்பி வந்து குட்டிக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

பெருநாள் கிடா

முதலாளிக்குப் பக்கத்து வீடு சவாஹிர் நானாவுடையது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானாக அறுத்துக் கொடுக்க ஒரு கிடா வளர்த்தார். பிள்ளைக்குப் போல இலை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடா. ஒரு விடியற்காலை அது தொண்டை கிழிந்து கிடந்தது.

அந்த ஊரில் பெரிய நாய் ஒன்றே ஒன்றுதான். யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை. பள்ளியில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிவதற்குள் முதலாளி நாயை ஊரை விட்டு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் துவக்கு வைத்திருக்கிறவர் சுட வருவார் என்று முடிவாயிற்று. முதலாளி மறுக்கவில்லை. எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் அந்த நாயைக் கயிற்றில் கட்டி வத்தேகமைத் தெருவில் இழுத்து வந்தால், பிறகு என்னிடம் யார் குட்டி வாங்குவார்கள்? ஆட்டைக் கொன்ற நாயின் மருமகள், ஆட்டைக் கொன்ற நாயின் மருமகன் என்றல்லவா ஒவ்வொரு குட்டிக்கும் பெயர் வரும்.

"அது என்ட ஆடுகளோட தான் படுக்குது சவாஹிர். ஒரு ரோமத்தத் தொட்டதில்ல" என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார் நான் போனபோது.

"அது ஒங்கட ஆடு காக்கா. ஒங்கட பால் குடிச்ச நாய் ஒங்கட ஆட்டத் தொடுமா? எங்கட ஆடு அதுக்கு எறச்சி" என்றார், வயதில் மூத்த முதலாளியைக் காக்கா என்று கூப்பிடும் சவாஹிர் நானா. அவர் கண் சிவந்திருந்தது. கிடா போனதில் அவருக்குப் பெருநாளே போய்விட்டது.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"நானா, இந்த நாய்க்கு ஒரே வயித்துல பொறந்த அண்ணன் ஒருத்தன் கண்டியில இருக்கான். அவன் ஆட்டுப்பால் குடிச்சதில்ல, ஆட்டோட படுத்ததில்ல. அவனைக் கொண்டு வாறேன். உங்க ஆடுகளை இந்தத் தளத்துல விடுங்க. அவனையும் அவுத்து விடுறேன். அவன் பாய்ஞ்சான்னா இந்த ரத்தமே கெட்ட ரத்தம், நானே இதைச் சுடச் சொல்றேன். அவன் சும்மா இருந்தான்னா?"

"சும்மா இருந்தா நான் வாயப் பொத்துறேன்" என்றார் சவாஹிர் நானா.

முதலாளி என்னைப் பார்த்தார். கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

சீசர் வந்தான்

சிற்றம்பலம் ஐயாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம், வாறன். தம்பியைப் பாக்கட்டுமன். ஆனா ஒண்டு சொல்லுறன் கேளும். இவன் ஆட்டைக் கோப்பையில கறியாத்தான் கண்டவன். நடந்து திரியிற ஆட்டைக் கண்டவன் இல்லை."

"ரத்தம்னு ஒண்ணு இருக்குங்களே ஐயா" என்றேன்.

"இரத்தத்தில சீனி பாக்கலாம், உப்புப் பாக்கலாம். உம்மட கதையைப் பாக்க ஒரு கண்ணாடியும் இன்னும் வரேல்லை" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

வியாழக்கிழமை மாலை. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, அக்குறணை தாண்டி, சின்னக் காரின் முன் சீட்டில் சீசர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தான். பின் சீட்டில் ஐயாவின் தோல் பெட்டியோடு நான் வந்தேன்.

தளத்தில் மிளகை அள்ளிப் பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சவாஹிர் நானாவின் வெள்ளாடுகள் அங்கே நின்று, சிந்திய மிளகை மோந்து தும்மின. வேலி நெடுக ஆட்கள். காணுக்கு அந்தப் பக்கம் முதலாளியின் நாய், எப்போதும் போல் உட்கார்ந்திருந்தது. அண்ணனைக் கண்டு ஒரு முறை காதைத் தூக்கியது, அவ்வளவுதான்.

சங்கிலியை அவிழ்த்தேன்.

சீசர் ஆடுகளைப் பார்த்து முதலில் வாலை ஆட்டினான். எனக்கு மார்பு நிமிர்ந்தது. அப்போது ஒரு குட்டியாடு மிரண்டு ஓடியது. அது ஓடியதுதான் காரணம். நின்றிருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. சீசரின் தலை தோளுக்குக் கீழே இறங்கியது. டயனா மாதிரியே போனான்.

அதே நேரத்தில் காணுக்கு அப்பாலிருந்து இன்னொரு தலை தோளுக்குக் கீழே இறங்கியது.

அந்த நாய் காணைத் தாண்டியது அன்றைக்குத்தான். ஒரு தாவலில் தளத்துக்கு வந்து, குட்டியாட்டுக்கும் அண்ணனுக்கும் நடுவில் குறுக்கே விழுந்தது. இரண்டும் உருண்டன. குட்டியாட்டின் பின்னங்காலில் ஒரு பல் கீறியிருந்தது, அது சீசரின் பல். மற்ற ஆடுகள் ஓடிப்போய் எங்கே நின்றன என்கிறீர்கள்? முதலாளியின் நாய்க்குப் பின்னால். சவாஹிர் நானாவின் ஆடுகள்தான். அதற்கு முன்னால் அவை அந்த நாயின் பக்கத்திலேயே போனதில்லை.

ஐயா சீசரின் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்துப் போய்க் காருக்குள் போட்டார். அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணாடி வழியே வேடிக்கை பார்த்தான். அவனுக்குக் கோபம் என்று ஒன்றும் இல்லை.

வேலியில் யாரோ சிரித்தார்கள். "நாய்க்காரர்ட ரத்தம் கார்ல ஏறிட்டு."

சவாஹிர் நானா சிரிக்கவில்லை. குட்டியாட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நாயைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "காக்கா, துவக்குக்காரர வர வேணாம்னு நானே சொல்றேன்" என்றார்.

கை

முதலாளியின் நாய்க்குத் தோளில் சதை பிளந்திருந்தது. இரத்தம் சீமெந்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஐயா தோல் பெட்டியைத் திறந்தார். ஊசி, நூல், டிங்சர் வாசனை.

"பிடியும்" என்றார் என்னிடம்.

நான் போனேன். பிறந்த அன்றைக்கே என் உள்ளங்கையில் கிடந்த நாய். அது என் கையைப் பார்த்து உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. ஐயா போனார், அவருக்கும் அதே பல். அதற்குக் கையென்றால் என்னவென்று தெரியாது. நாங்கள் அடிக்கிறோமா, பிடிக்கிறோமா, பிடுங்குகிறோமா, அதற்கு எப்படிப் புரியும்?

முதலாளி கம்பால் இரண்டு தட்டுத் தட்டினார். நாய் உட்கார்ந்தது. ஊசி பட்டதும் எழுந்தது. இரண்டு தட்டு. உட்கார்ந்தது. ஊசி. எழுந்தது.

"இப்பிடித் தட்டித் தைக்கேலாது முதலாளி. ஆராவது பிடிக்க வேணும்" என்றார் ஐயா.

முதலாளி கம்பைச் சுவரில் சாய்த்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். அவர் குந்தி உட்கார்ந்து, இரத்தமும் ஈரமுமாக இருந்த அந்தக் கழுத்தில் இரண்டு கையையும் வைத்தார்.

நாய் கடிக்கவில்லை. வாலையும் ஆட்டவில்லை. மரம் மாதிரி நின்றது. தோல் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஐயா தைத்து முடிக்கும்வரை அது முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு சவுதா உம்மா செம்பில் தண்ணீரும், ஒரு சிரட்டையில் மண்ணும் கொண்டு வந்தார். முதலாளி முற்றத்து ஓரத்தில் கையை நீட்டினார். உம்மா ஊற்றினார்.

"நான் எண்ணுறேன். ஆறுல நிப்பாட்டப் பாக்காதீங்கொ" என்றார் உம்மா.

"எனக்கு எண்ணத் தெரியும்."

"நாயத் தொடமாட்டேன்னு சொன்ன வாய் தானே அதுவும்."

முதலாளி மண்ணைக் கையில் தேய்த்துக்கொண்டே சிரித்தார். மறுநாள் தளத்தையும் அதே மாதிரிக் கழுவினார்கள்.

திரும்பி வரும்போது

காரில் ஐயா என்னை விடவில்லை. "ஒரே வயித்துப் பிள்ளையள். உம்மட இரத்தம் எங்க போச்சுது?"

"ஐயா, ரெண்டும் தலையத் தாழ்த்தி ஓடின விதத்தைப் பாத்தீங்களா? அது டயனா ஓட்டம். அது ரத்தம்தான். எதுக்காக ஓடணுங்கிறதை மட்டும் பட்டி சொல்லிக் குடுத்திருக்கு."

ஐயா எதிரே வந்த மாட்டு வண்டிக்கு வழி விட்டார். "இதைப் பந்தயம் கட்டுறதுக்கு முன்னம் சொல்லியிருக்கலாம்" என்றார்.

முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா? அன்றைக்குப் பிறகு என் வியாபாரம் இரண்டு மடங்காயிற்று. குட்டி கேட்டு வந்தவரிடம் தாய் இது, தகப்பன் இது என்று சொல்வதற்கு முன்னால், "எங்க படுக்க வைப்பீங்க? யார் சோறு வைப்பா? வீட்டுல என்னென்ன ஜீவன் இருக்கு?" என்று கேட்டேன். கண்டியில் அப்படிக் கேட்டு நாய் விற்ற முதல் ஆள் நான்தான். சவாஹிர் நானாவின் கிடாவைக் கொன்றவை கொக்கோத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த நரிகள் என்று பின்னால் தெரிந்தது. அதை அவர் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. மகளுடைய கல்யாண வீட்டுக்கு ஒரு காவல் நாய்க்குட்டி வேண்டும் என்று மட்டும் ஆள் அனுப்பினார்.

தையல் பிரிக்க ஐயாவோடு மறுபடியும் அலவத்துகொடைக்குப் போனேன். ஒரு முறை தொட்டாயிற்று, இனி நாய் முதலாளியின் மடியில் வந்து விழும், அதை நாலு பேருக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அப்படி ஒன்றும் இல்லை. மிளகு பழையபடி காய்ந்துகொண்டிருந்தது. நாய் காணுக்கு அந்தப் பக்கம், வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தது. அது தாண்டவில்லை, தாண்டப்போவதுமில்லை.

முதலாளியின் கதிரைதான் பழைய இடத்தில் இல்லை. தளத்தின் நடுவிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போய், காணின் ஓரத்தில், அதற்கு மேல் ஓர் அங்குலமும் நகர்த்த முடியாத இடத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.